நாயின் உள்ளங்காலும் நண்பகல் தார் வீதியும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சில கிழமைகளுக்கு முன் தங்கள் பத்திரிகையின் வீட்டுக் குறிப்புப் பகுதியில், நாயின் உள்ளங்கால் வெடித்தால் தேசிக்காய்ப் புளியில் உப்பைக் கரைத்துத் தேய்த்துக் கழுவி, மேலே மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துப் பூசினால் மூன்று நாளில் மாறிவிடும் என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். அவருடைய நல்லெண்ணத்தில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் அதே எண்ணெயையும் மஞ்சளையும் என் வீட்டு நாய்க்குப் பூசி, இரண்டு கிழமையில் ஆறியிருக்க வேண்டிய புண்ணை ஐந்து கிழமைக்கு இழுத்தவள் நான். ஆகையால், சித்திரை வெயில் வருவதற்கு முன் இந்தக் கடிதத்தை எழுதுவது என் கடமை என்று எண்ணுகிறேன்.

நாங்கள் வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக உள்ள ஒரு தொடர்மாடியின் நான்காம் தட்டில் குடியிருக்கிறோம். ஜிம்மி சாதி நாய் அல்ல. கொட்டாஞ்சேனையில் ஓர் ஒழுங்கையில் மழைக்கு ஒதுங்கி நின்ற குட்டியை என் மகள் தூக்கி வந்தாள். அதன்பின் ஆறு வருடங்களாக அது வழுவழுப்பான தரையோட்டின் மீதே வளர்ந்தது. சென்ற வருடம் சித்திரை விடுமுறைக்குக் கனடாவிலிருந்து வந்திருந்த என் பெறாமகன், உடற்பயிற்சியில் பற்றுள்ள பிள்ளை, காலை பத்தரை மணிக்கு ஜிம்மியையும் கூட்டிக்கொண்டு மரைன் டிரைவில் ஓடப் போனான். கொள்ளுப்பிட்டிப் பக்கம் வரை ஓடித் திரும்பி வந்து சேர்ந்தபோது நேரம் பன்னிரண்டாகிவிட்டது. நாய் வாலை ஆட்டிக்கொண்டுதான் வீட்டுக்குள் வந்தது, தண்ணீர் குடித்தது, படுத்தது. அன்று இரவு முழுவதும் கட்டிலுக்கு அடியிலிருந்து நக்கும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. விடிந்ததும் கழுத்துப்பட்டியை எடுத்தபோது, எப்போதும் ஓடி வரும் நாய் வாசல் வரை மெல்ல நடந்து வந்து, தரையில் வைத்த முன்காலை, சுடுசட்டியைத் தொட்ட கையை நாம் இழுப்பதுபோல வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். நடுவிலுள்ள பெரிய மெத்தையின் கறுத்த தோல் ஒரு இரண்டு ரூபாய்க் குற்றியின் அளவுக்குக் கழன்று, ஒரு ஓரத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டு, அவித்த தக்காளியின் தோல்போலச் சுருண்டு கிடந்தது. அதன் கீழே பல் ஈறின் நிறத்தில் பச்சைச் சதை. அதில் கடல்மணல் துணிக்கைகள் ஒட்டியிருந்தன. பெறாமகனை நான் குறை சொல்ல மாட்டேன். அவன் வளர்ந்த ஊரில் நாய்க்குச் சப்பாத்துப் போடுவது பனிக்காலத்தில்தான்.

அந்தத் தடித்த சதைத் திண்டுகளைத் தமிழில் பாத மெத்தை என்று சொல்லலாம் என நினைக்கிறேன். நம்மவர்களான மிருக வைத்தியர்கள்கூடத் தமிழில் பேசும்போது ‘பாட்’ என்றே சொல்கிறார்கள். ஒவ்வொரு பாதத்திலும் விரல்களுக்கு நான்கும் நடுவில் பெரிதாக ஒன்றும் தரையில் படுகின்றன. முன்காலில் மணிக்கட்டுக்குப் பின்னால் சிறியதாக இன்னும் ஒன்று உண்டு, அது நாய் பாய்ந்து ஓடி நிற்கும்போதும் சரிவில் இறங்கும்போதும் மட்டுமே உதவுகிறது. நாயின் உடம்பிலேயே ஆகத் தடித்த தோல் இந்த மெத்தைகளில்தான் இருக்கிறது. அதைப் பார்த்து நாம் சப்பாத்தின் அடித்தோல் என்று எண்ணிவிடுகிறோம். அது அப்படியல்ல. மேலே தெரிவது நகத்தை ஆக்கும் அதே கெரட்டின் என்ற பொருளால் இறுகிய படை. அதற்குக் கீழே கொழுப்பும் இழுபடும் நார்களும் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் வியர்வைச் சுரப்பிகளும் நிறைந்த உயிருள்ள சதை. குளிர்நாட்டில் நாய் பனியில் நடந்தும் கால் உறைந்துபோகாமல் இருப்பதற்கு, அந்த மெத்தைக்குள் போகும் சூடான இரத்தமும் திரும்பி வரும் குளிர்ந்த இரத்தமும் அருகருகே ஓடி வெப்பத்தைப் பரிமாறிக்கொள்ளும் அமைப்புக் காரணம். பனிக்கு ஏற்பட்ட அந்த ஏற்பாட்டினால் கொழும்பின் தாருக்கு ஒன்றும் செய்ய முடியாது. மேலும், நாயின் உடற்பாரத்தில் ஏறத்தாழ அறுபது வீதத்தை முன்கால்களே சுமப்பதால், தேய்வதும் வேகுவதும் பெரும்பாலும் முன்பாதங்களில்தான் முதலில் தெரிகிறது. ஜிம்மிக்கும் அப்படியே, பின்கால்களில் சிறு சிராய்ப்பு மட்டுமே இருந்தது.

தார் வீதியின் சூட்டைப் பற்றி நாம் செருப்புப் போட்டுக்கொண்டு யோசிப்பதால் அதன் கடுமை நமக்கு உறைப்பதில்லை. வானொலியில் 31 பாகை என்று சொல்வது நிழலில் உள்ள காற்றின் வெப்பநிலை. முகில் இல்லாத நண்பகலில் அதே நேரத்தில் தாரின் மேற்பரப்பு 55 பாகையைத் தாண்டுவது சாதாரணம். 60 பாகைச் சூட்டை ஐந்து விநாடி தொட்டாலே மனிதத் தோல் வெந்துவிடும். நமது நாட்டின் அகலக்கோடுகளுக்கு மேலாகச் சூரியன் உச்சம் கொடுப்பது ஏப்ரல் 5 முதல் 15 வரையும், பின்னர் ஓகஸ்ட் கடைசி முதல் செப்டெம்பர் முதல் வாரம் வரையும் ஆகும்; முதலாவது காலம் புத்தாண்டு விடுமுறையோடும் பிள்ளைகள் நாயோடு வெளியே போக விரும்பும் நாட்களோடும் சேர்ந்து வருகிறது. காலி முகத்திடலில் கடற்காற்று முகத்தில் படும்போது சூடு தெரியாது. ஆனால் அங்குள்ள நடைபாதைக் கல்லுக்கும் சுடுமணலுக்கும் காற்றால் ஒரு நிவாரணமும் இல்லை. வீதியில் பதித்த இரும்பு மூடிகள் இன்னும் மோசம். இன்னொன்று, தார் தன் சூட்டை உடனே விடுவதில்லை. ஆறேகால் மணிக்குச் சூரியன் கடலில் இறங்கியபின்னும் வீதி சில வேளை ஒரு மணித்தியாலம் வரை வெதுவெதுப்பாகவே இருக்கும். வெளியே போகுமுன் புறங்கையைத் தரையில் அழுத்தி ஏழு விநாடி வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். உள்ளங்கை காய்த்துப் போயிருக்கும், அது பொய் சொல்லும். புறங்கைதான் வைக்க வேண்டும். வைத்திருக்க முடியாவிட்டால் நாய்க்கும் முடியாது.

நாயின் கால் சூட்டில் வெந்துவிட்டது என்று தெரிந்தால் முதல் மருந்து தண்ணீர்தான். குளிர்ந்த குழாய் நீரைப் பாதத்தின் மேல் பத்து நிமிடத்துக்குக் குறையாமல், முடிந்தால் இருபது நிமிடம், மெல்ல ஓடவிட வேண்டும். இங்கே கொழும்பு வீட்டுக்காரருக்கு ஒரு எச்சரிக்கை: நமது மொட்டை மாடிகளில் இருக்கும் கறுத்தத் தாங்கிகளின் நீர் மத்தியானத்தில் தேநீர் போடும் சூட்டில் வரும். ஆகையால் குழாயைத் திறந்து கையில் பிடித்துப் பார்த்து, சூடு போகும்வரை வாளியில் பிடித்துவிட்டு, அதன்பின்னரே நாயின் காலைக் காட்ட வேண்டும். ஐஸ்கட்டியை நேரே வைக்கக் கூடாது. அது இரத்தக் குழாய்களைச் சுருக்கி வெந்த சதைக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கிறது. வெண்ணெய், எண்ணெய், பற்பசை எதுவும் வேண்டாம். அவை சூட்டை உள்ளே அடைத்துவைக்கும், பிறகு கழுவி எடுப்பதற்குள் நாய் படும் வேதனை தனி.

தேய்ந்த புண்ணுக்கும் கழன்ற தோலுக்கும் அடுத்த வேலை அழுக்கு நீக்குவது. அரை லீற்றர் கொதித்தாறிய நீரில் முக்கால் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, அதைத் தாராளமாக ஊற்றி மணலையும் கல்லையும் கழுவலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் பொவிடோன் அயடீனைப் பாவிப்பதாயின், பால் விடாத இளந்தேநீரின் நிறம் வரும்வரை நீரில் கலக்க வேண்டும். நேரடியாகப் பூசுவது பச்சைச் சதையைத் தீய்க்கும். ஹைட்ரஜன் பெரொக்சைட் நுரைப்பதைப் பார்த்தால் கிருமி சாவதுபோல ஒரு திருப்தி வருகிறது, ஆனால் அது புதிதாக வளர வேண்டிய சதையையும் சேர்த்தே அழிக்கிறது. சத்திர சிகிச்சை ஸ்பிரிட்டும் டெற்றோலும் அப்படியே. தேசிக்காய்ப் புளியைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. விரலில் கீறல் இருக்கும் நாளில் குசினியில் தேசிக்காய் வெட்டியவர்களுக்கு அது தெரியும். கழுவிய பின் விரல்களுக்கு இடையில் ஒரு சொட்டு ஈரமும் நிற்காதபடி துவாயால் ஒற்றி எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. தொங்கும் தோலை இழுத்துப் பிய்க்கவும் கூடாது. அது கீழே உள்ள சதைக்கு இயற்கை போட்ட மூடி. அது அழுகினாலோ, நடக்கும்போது மடிந்து குத்தினாலோ, மிருக வைத்தியர் அளவாக வெட்டி எடுப்பார்.

கட்டுப் போடும் விடயத்தில்தான் நான் முதலில் பெரும் பிழை விட்டேன். எங்கள் வீட்டுக்கு மேல் தட்டில் இருக்கும் அம்மா ஒருவர், கீழே இறங்கி வந்து, சிறு கிண்ணத்தில் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் தந்தார். நான் அதைத் தடித்த பஞ்சில் தோய்த்து வைத்து, பழைய சேலைத் துண்டால் இறுக்கிக் கட்டினேன். இரண்டாம் நாள் பஞ்சு புண்ணோடு ஒட்டிக்கொண்டது. மூன்றாம் நாள் சேலைத் துண்டின் ஓரத்தில் எறும்பு ஏறியிருந்தது. நான்காம் நாள் நாயின் விரல்கள் இட்டலிபோல உப்பிக் குளிர்ந்து கிடந்தன. அதன்பின்தான் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். அந்தப் பெண்மணி கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னை ஏசவில்லை. “அன்ரி, இனிமேல் கட்டினால் இரண்டு நடு விரலின்ர நுனியையும் வெளியில விடுங்கோ, அதுதான் உங்களுக்குக் கதை சொல்லும்” என்றார். அவர் செய்து காட்டியதை அப்படியே எழுதுகிறேன். விரல்களுக்கு இடையில் மெல்லிய பஞ்சுத் துண்டுகள் வைத்தார், வியர்வை ஊறி அழுகாமல் இருப்பதற்கு. புண்ணின் மேல் ஒட்டாத வகைக் கட்டுத்துணி. அதன் மேல் சாதாரண மென்துணி. அதற்கு மேல் இழுபடும் பட்டையை விரல் நுனிப் பக்கத்திலிருந்து தொடங்கி மணிக்கட்டு வரை, தளர்வாக, ஒன்றின் மேல் பாதி ஒன்று ஏறும்படி சுற்றினார். கட்டுக்குள் ஒரு விரல் நுழைய வேண்டும். காலையும் இரவும் அந்த இரண்டு விரல் நுனிகளையும் தொட்டுப் பார்த்து, குளிர்ந்திருந்தாலோ, வீங்கியிருந்தாலோ, நாற்றம் வந்தாலோ உடனே பிரிக்க வேண்டும். கட்டை நாள்தோறும் மாற்ற வேண்டும். நனைந்தால் அந்த நேரமே மாற்ற வேண்டும். வெளியே மூத்திரத்துக்குக் கொண்டுபோகும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு சொப்பிங் பையைக் காலில் மாட்டலாம், ஆனால் வீட்டுக்குள் வந்ததும் கழற்றிவிட வேண்டும். நமது ஊரின் புழுக்கத்தில் பொலித்தீனுக்குள் கால் அவிந்துபோகும்.

மஞ்சளுக்கு நல்ல குணங்கள் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கடையில் நிறுத்து வாங்கும் மஞ்சள்தூள் கிருமி நீக்கப்பட்ட பொருள் அல்ல, திறந்த புண்ணில் அதன் துணிக்கைகள் அழுக்காகவே தங்குகின்றன. தேங்காயெண்ணெயை நாய் விடாமல் நக்கும். நக்க நக்கப் புண் ஈரமாகும், தோல் ஊறும், வயிறும் கழியும். ஆகவே எந்த மருந்தானாலும் நக்குவதை நிறுத்தாமல் பயன் இல்லை. கழுத்தில் போடும் கூம்பு வடிவப் பிளாஸ்டிக் வளையத்தைப் பார்த்து அயலவர் பரிதாபப்படுவார்கள், போடத்தான் வேண்டும். ஜிம்மி அந்த வளையத்தோடு மூன்று நாள் கதவு நிலையிலெல்லாம் மோதித் திரிந்துவிட்டு, நான்காம் நாள் அதையே தலையணையாக வைத்து உறங்கப் பழகிவிட்டது.

இதைவிட ஆபத்தானது நம் வீட்டு மருந்துப் பெட்டி. நாய் நொண்டுவதைப் பார்க்கப் பொறுக்காமல் அரைக் குளிசை பனடோல் கொடுப்பவர்களை நான் அறிவேன். பனடோலில் உள்ள பரசிற்றமோல் நாயின் ஈரலையும் இரத்தத்தையும் கெடுக்கக்கூடியது, பூனைக்கோ சிறு அளவே உயிரைப் போக்கும். இபுபுரூபன், டைக்ளோபெனாக் போன்ற நமது வலி மருந்துகள் நாயின் இரைப்பையில் புண்ணை உண்டாக்கி இரத்தம் கசியவைக்கும், சிறுநீரகத்தையும் தாக்கும். டைக்ளோபெனாக் களிம்பை நம் முழங்காலில் பூசிவிட்டு, அந்தக் காலை நாய் நக்க விடுவதுகூடத் தகாது. கற்பூரமும் மெந்தோலும் கலந்த தைலங்கள், குழந்தைகளின் சிவப்புக்குப் பூசும் சிங்க் களிம்புகள் எல்லாம் நாயின் காலில் போடும் பொருட்கள் அல்ல, ஏனெனில் நாயின் காலில் பூசுவது எதுவும் அரை மணித்தியாலத்தில் அதன் வயிற்றுக்குள் போய்விடும். வலி நீக்க நாய்களுக்கென்றே மருந்துகள் உண்டு. அவற்றை நாயின் நிறையைப் பார்த்து மிருக வைத்தியர்தான் தர வேண்டும்.

பிறகு ஓய்வு. மேலோட்டமாகத் தேய்ந்த மெத்தை ஒன்று முதல் மூன்று கிழமைக்குள் தன்னைத்தான் புதுப்பித்துக்கொள்ளும். ஆனால் கண்ணாடித் துண்டு கிழித்த ஆழமான வெட்டு அப்படி ஆறுவதில்லை; நாய் ஒவ்வொரு முறை காலை ஊன்றும்போதும் பாரத்தினால் மெத்தை அகல, வெட்டின் வாயும் திறக்கிறது. அதனால்தான் தையல் போடவும் கட்டை நீண்ட நாள் வைத்திருக்கவும் வேண்டியிருக்கிறது. இரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை வைத்து ஐந்து முதல் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும், இடையில் தூக்கிப் பார்க்கக் கூடாது. அதற்கும் நிற்காவிட்டால் ஓட்டோவைப் பிடித்து வைத்தியரிடம் போக வேண்டியதுதான். கொப்புளம் பெரிதாக எழும்பினாலும், சீழ் வந்தாலும், இரண்டு நாள் கழித்தும் நாய் காலை ஊன்றாவிட்டாலும் அப்படியே. புண் மூடி, புதுத் தோல் இளஞ்சிவப்பாக வந்தபின், வாசனை சேர்க்காத வெள்ளை வாசலினை மெல்லிதாக இரவில் பூசலாம். அதிகம் பூசினால் மெத்தை மென்மையாகி, அடுத்த நடையில் மீண்டும் கிழியும். மெத்தை காய்ந்து சற்றுக் கரடுமுரடாக இருப்பதே அதன் ஆரோக்கியம். அதைப் பட்டுப்போல ஆக்க ஆசைப்படுவது நம்முடைய பைத்தியம். புதுத் தோலை உரப்படுத்துவதற்கு நாங்கள் முதல் கிழமை புல்லில் பத்து நிமிடம், அடுத்த கிழமை பதினைந்து நிமிடம், அதன்பின் சிறிது தூரம் ஈர மணலில், பின்னர் நிழல் விழுந்த நடைபாதையில் என்று ஏழு கிழமை எடுத்துக்கொண்டோம். தரையோட்டில் வளரும் தொடர்மாடி நாய்கள் எல்லாவற்றுக்கும் இந்தப் பழக்கம் முதலிலேயே வேண்டும். குளித்து எழுந்த உடனும் நெடுநேரம் மழையில் நனைந்த உடனும் மெத்தை ஊறி இளகியிருக்கும். அந்த நேரத்தில் ஓடவிட்டால் இரு மடங்கு தேயும்.

எல்லாக் கால் புண்ணும் வீதியால் வருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான்கு கால்களையும் ஒரே மாதிரி நக்கி, வெள்ளை மயிர் துருப்பிடித்த நிறமாக மாறி, விரல் இடுக்கில் புளித்த மணம் வந்தால், அது பெரும்பாலும் ஒவ்வாமையோ பூஞ்சணமோ தெள்ளோ தரும் தொல்லை. படிக்கட்டுகளைக் கழுவும் பினைலும் அமிலம் கலந்த தரை மருந்தும் ஈரமாக இருக்கும்போது நாய் மிதித்தால் மெத்தை எரியும். புதிதாகப் பூசிய சீமெந்தும் அப்படியே. மூக்கும் பாத மெத்தையும் காய்ந்து மரக்கட்டைபோல இறுகி, கூடவே மூக்குச் சளியும் வலிப்பும் வந்தால் அது டிஸ்டெம்பர் என்ற வைரசு நோயாக இருக்கலாம். அதற்குப் பூச்சுமருந்தில் விடிவு இல்லை, குட்டியிலேயே போடும் தடுப்பூசிதான் காப்பு. வெட்டாமல் விட்ட நகம், குறிப்பாக உட்புறம் தொங்கும் கட்டைவிரல் நகம், வளைந்து சதைக்குள்ளேயே ஏறிவிடுவதும் உண்டு. புண் காலோடு வெள்ள நீரில் நடக்கும் நாய்க்கு எலிக்காய்ச்சல் வரும் ஆபத்து இருக்கிறது; அந்தக் கிருமி நமக்கும் வரக்கூடியது என்பதால் காலைக் கழுவும்போது கையுறை போடுவது நல்லது.

வீதியில் வாழும் நாய்களைப் பற்றி ஒரு சொல். நமது நாட்டில் நாய்களைப் பற்றிய பழைய சட்டங்களுள் ஒன்று 1893 ஆம் ஆண்டின் விசர் நோய்க் கட்டளைச் சட்டம். அன்று முதல் இன்று வரை அரசும் நாமும் நாயின் வாயையே பார்த்து வந்திருக்கிறோம், காலைப் பார்த்ததில்லை. வீதி நாய்களின் மெத்தை நம் வீட்டு நாய்களுடையதைவிட உரமானதுதான், அவை வெயில் ஏறியதும் நிறுத்திய வாகனங்களுக்கு அடியில் ஒதுங்கவும் அறிந்தவை. ஆனால் அவற்றுக்குக் கால் வெட்டுப்பட்டால் ஈ மொய்த்து ஒரே நாளில் புழு வைத்துவிடும். அதற்குப் பெற்றோலும் பினைலும் ஊற்றுவதை நான் இந்த நகரத்தில் பல தடவை கண்டிருக்கிறேன். புழுவோடு சதையும் வேகிறது, நக்கும் நாய்க்கு நஞ்சும் ஏறுகிறது. உதவ நினைப்பவர்கள் மிருக வைத்தியரையோ மிருக நலத் தொண்டர்களையோ அழைப்பதே சரி. வலியில் இருக்கும் நாய், பழகிய நாயானாலும், காலைத் தொட்டால் கடிக்கும். கடித்தாலோ பல் கீறினாலோ சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குப் போய்விட வேண்டும். தடுப்பூசி அங்கே இலவசம்.

இனி நான் இந்தக் கடிதத்தை எழுதத் துணிந்ததற்கான மற்றக் காரணம். பெறாமகன் ஏன் பத்தரை மணிக்குப் போனான் என்று கேட்கலாம். எங்கள் தொடர்மாடியின் நிர்வாகக் குழு, நாய்களை லிப்டில் ஏற்றுவதற்குக் காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரை மட்டுமே அனுமதி தந்திருந்தது. காலையில் பிள்ளைகள் பாடசாலைக்குப் போகிறார்கள், மாலையில் முதியவர்கள் கீழே வந்து இருக்கிறார்கள், நாய்க்குப் பயப்படுபவர்கள் இருக்கிறார்கள் என்பது அவர்கள் சொன்ன நியாயம். அந்த நியாயத்தை நான் மதிக்கிறேன். நானும் முதியவள்தான், எனக்கும் சிறு வயதில் நாய் என்றால் பயம். ஆனால் நாயை வெளியே கொண்டுபோக அவர்கள் விட்ட ஆறு மணித்தியாலமும், தாரில் எந்த நாயும் கால் வைக்கக் கூடாத அதே ஆறு மணித்தியாலம் என்பதை அந்தக் குழுவில் ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. வேறு சில குடியிருப்புகளிலும் இத்தகைய விதி இருப்பதாக நாய் வளர்க்கும் நண்பர்கள் சொல்கிறார்கள். நாங்கள் நாய் வளர்க்கும் நாலு வீட்டாரும் சேர்ந்து, மிருக வைத்தியர் எழுதித் தந்த கடிதத்தையும் இணைத்து விண்ணப்பித்தபின், காலை ஐந்தரை முதல் ஆறேகால் வரையும் இரவு ஏழரைக்குப் பின்னும், குட்டையான கழுத்துக் கயிற்றோடு, பின்பக்கப் படிக்கட்டால் இறங்கலாம் என்று விதியை மாற்றினார்கள். ஒருவருக்கும் இடைஞ்சல் வரவில்லை. அந்த நேரத்தில் படிக்கட்டில் நாங்கள் சந்திப்பது பத்திரிகை போடும் தம்பியையும் பால் கொண்டுவருபவரையும் மட்டுமே.

ஆகையால் தங்களிடம் இரண்டு வேண்டுகோள். முதலாவது, நாய்களை வெளியே எடுக்கும் நேரத்தை வரையறுக்கும் தொடர்மாடி நிர்வாகக் குழுக்கள் அந்த நேரத்தை வெயிலையும் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும் என்பதைத் தங்கள் பத்திரிகை எடுத்துச் சொல்ல வேண்டும். இரண்டாவது, பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் பீடத்தில் கற்று வெளிவந்து தமிழில் எழுதக்கூடிய வைத்தியர்கள் கொழும்பிலேயே இருக்கிறார்கள். வளர்ப்பு மிருகங்களைப் பற்றிய வீட்டுக் குறிப்பு எதையும் அச்சேற்றுமுன் அவர்களில் ஒருவருக்குக் காட்டி, தேசிக்காய்ப் புளிக் குறிப்புக்கான திருத்தத்தை ஏப்ரல் 5 ஆம் திகதிக்கு முன் அதே பகுதியில் வெளியிட்டால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6